சிறைக்கோட்டம் பெயர்ந்தால் செலவு யாருக்கு?

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காட்சி வருகிறது. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் நுழைகிறாள். பசியால் வாடிக் கிடந்தோர்க்கு உணவளிக்கிறாள். செய்தி சோழ மன்னன் செவிக்கு எட்டுகிறது. அவளை அழைத்து, வேண்டுவது யாது என்று வினவுகிறான். அவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறையை நீக்கி, அவ்விடத்தை அறவோர் வாழும் இடமாக்கித் தரும்படி கேட்கிறாள். மன்னனும் இசைகிறான். ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்பதே அப்பகுதியின் பெயர்.

நண்பர்களே, அந்தக் காதை நம் நாட்டில் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தில்லி கேட் அருகே இருந்த பழைய சிறை, இன்று மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி. சென்னைப் பூங்கா நகரில் இருந்த மத்திய சிறையின் இடத்தில், இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடங்கள். ஐதராபாத்தில் முஷீராபாத் சிறை நின்ற நிலத்தில், இன்று காந்தி மருத்துவமனை. பெங்களூர்ச் சிறை பூங்காவாயிற்று; கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறை அருங்காட்சியகம் ஆயிற்று. எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் மகிழத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காப்பியத்தில் சிறை ஒழிந்தது. நம் காலத்தில் சிறை ஒழியவில்லை. ஊருக்கு வெளியே இடம் பெயர்ந்தது. அங்கே அறக்கோட்டம் எழுந்தது என்று மகிழும் நாம், ‘சிறையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? அந்த மாற்றத்திற்கு விலை கொடுத்தவர் யார்?’ என்று கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

கேள்வி பிறந்த கதை

பொருளாதாரம் பயிலும் மாணவன் நான். ‘செலவு’ என்ற சொல்லை நூல்களில் ஆயிரம் முறை படித்திருக்கிறேன். அதன் பொருளைக் கற்பித்தவர், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மையார்.

2025 சூன் திங்களில், ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த ‘மதராசி கேம்ப்’ என்னும் தமிழர் குடியிருப்பு, நீதிமன்ற ஆணைப்படி அகற்றப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சுமார் 370 குடிசைகள். தகுதியுடையவை என்று முடிவு செய்யப்பட்ட, ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. அந்நாட்களில் மனு எழுதிக் கொடுக்கவும், இந்திப் படிவங்களை நிரப்பவும் நம் மன்றத்து மாணவர் சிலர் சென்று வந்தோம். அப்போது அறிமுகமானவர்தான் அந்த அம்மையார். விழுப்புரம் பக்கத்தவர், வீட்டுவேலை செய்து பிழைப்பவர். அவருடைய மகன் ஒரு திருட்டு வழக்கில் திகார்ச் சிறையில் இருந்தான். தண்டனை பெற்றவன் அல்லன், விசாரணைக் கைதி.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள், “தம்பி, முலாகாத்துக்குப் போவணும். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியல. கூட வரியாப்பா?” என்று கேட்டார். சிறையில் உள்ளவரைக் காணச் செல்வதைத் தில்லியில் எல்லோரும் ‘முலாகாத்’ என்றே சொல்வர். சென்றேன். விடியுமுன் நரேலாவில் புறப்பட்டோம். பேருந்து, மறுபடியும் பேருந்து, பிறகு மெட்ரோ. பனியும் நெரிசலுமாகத் திகார் வாயிலை அடையும்போது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது.

“கேம்ப்புல இருந்தப்போ லஜ்பத் நகர்ல ஏறினா மாயாபுரியில இறங்கிடலாம், தம்பி. ஒரே வண்டி. காலையில ஒரு வீட்டு வேலைய முடிச்சிட்டு, வந்து பாத்துட்டு, சாயங்கால வேலைக்குத் திரும்பிடுவேன். வாரா வாரம் வந்தேன். இப்ப மாசத்துக்கு ஒரு தடவ வரதே பெரும்பாடா இருக்கு” என்றார்.

தில்லிச் சிறை விதி, கைதியை வாரம் இருமுறை காண இடம் தருகிறது. அவருடைய பாதையின் தொலைவு, மாதம் ஒருமுறைதான் இடம் தருகிறது. விதி மாறவில்லை, சிறையும் மாறவில்லை, அவர் வீடு மட்டுமே மாறியது. வீடு மாறியதால் ஒரு தாய்க்கு இது நேர்ந்ததென்றால், சிறையே மாறினால் எத்தனை தாய்மார்க்கு நேரும்? அன்று வாயிலில் காத்திருந்த இரண்டு மணி நேரமும் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது.

திகார் பெயரப் போகிறதா?

2025 மார்ச்சுத் திங்களில் தில்லி முதலமைச்சர் ரேகா குப்தா அவர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தபோது, திகார்ச் சிறையை நகரின் புறப்பகுதிக்கு மாற்றும் எண்ணத்தை அறிவித்தார். அதற்கான ஆய்வுக்கும் ஆலோசனைக்கும் 10 கோடி ரூபாய் ஒதுக்கினார்.

திகார் என்பது ஒரு சிறை அன்று. 400 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்தில் ஒன்பது சிறைகள். ரோகிணியில் ஒன்று, மண்டோலியில் ஆறு. ஆகத் தில்லியில் பதினாறு. நெரிசலோ சொல்லி முடியாது. 2022ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி, தில்லியில் நூறு பேர்க்குரிய இடத்தில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். ஆகவே புதிய இடம் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயம் இருக்க முடியாது. ஐயமெல்லாம், பழைய இடத்தைக் கொடுத்துப் புதிய இடத்தை வாங்கும் மாற்றத்தின் கணக்கைப் பற்றியதே.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்ட வேண்டும். தில்லிச் சிறை ‘ஊருக்கு வெளியே’ போவது இது முதன்முறை அன்று. தில்லி கேட் அருகே இருந்த பழைய சிறை, முதலில் ஜகாங்கீர் காலத்தில் ஃபரீத் கான் கட்டிய வழிப்போக்கர் சத்திரம். ஆங்கிலேயர் அதைச் சிறையாக்கினர். நாடு விடுதலை பெற்றபின், நகரின் நடுவே சிறை எதற்கு என்று 1958இல் அதைத் திகார் என்னும் சிற்றூருக்கு மாற்றினர். அன்று திகாரின் கொள்ளளவு சுமார் 1,270 பேர். பழைய நிலத்தில் மருத்துவக் கல்லூரி எழுந்தது. சத்திரம் சிறையாகி, சிறை கல்லூரியாயிற்று.

பிறகு என்ன நடந்தது? சிறை போன வழியே நகரமும் போயிற்று. ஹரி நகர் வளர்ந்தது, ஜனக்புரி எழுந்தது. என் மாமா ஜனக்புரியில் வாழ்கிறார். அவர் காய்கறி வாங்கும் சாலைக்கே ‘ஜெயில் ரோடு’ என்றுதான் பெயர்! 1958இல் ஊர்ப்புறமாக இருந்த இடம், இன்று ஊர்நடுவாகிவிட்டது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஆதலின் மீண்டும் பெயர்ச்சி! இன்று தேர்ந்தெடுக்கும் புறநகரும் இன்னும் அறுபது ஆண்டில் நடுநகர் ஆகாதா? நகரம் வளருமிடத்தில், சிறையின் இடமாற்றம் ஒரு முறை செலவாகாது. தலைமுறைக்கு ஒரு முறை வரும் செலவாகும். இது கணக்கில் எழுத வேண்டிய முதல் உண்மை.

நிலம் யாருடையது?

‘அரசு நிலத்தை அரசே மாற்றிக்கொள்கிறது, இதில் செலவு ஏது?’ என்று சிலர் கேட்கலாம். ஒரே வீட்டில் அண்ணன் அறையைத் தம்பியும் தம்பி அறையை அண்ணனும் மாற்றிக்கொள்வது போலத் தோன்றும். உண்மை அப்படியன்று.

நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் சிறை என்பது மாநிலப் பட்டியலில் உள்ளது. நிலமும் அதே பட்டியலில்தான் உள்ளது. தமிழ்நாட்டிலோ கருநாடகத்திலோ இரண்டும் ஒரே அரசின் கையில் இருக்கும். தில்லியின் நிலை வேறு. 1991இல் சேர்க்கப்பட்ட 239ஏஏ பிரிவு, தில்லிச் சட்டமன்றத்திற்குப் பல அதிகாரங்களைத் தந்தாலும், பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றையும் விலக்கி வைத்தது. எனவே சிறை தில்லி அரசின் பொறுப்பு. சிறை நிற்கும் நிலமும், இனி வாங்க வேண்டிய நிலமும் மத்திய அரசின் பொறுப்பு. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தில்லி வளர்ச்சி ஆணையம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துச் செல்லும் காவல்துறையும் அவ்வாறே. ஒரு சிறை பெயர வேண்டுமானால், இரண்டு அரசுகளும் பல துறைகளும் கையொப்பமிட வேண்டும். ஒரு துறை நிலத்தின் ஆதாயத்தை எழுதிக்கொள்ளும். மற்றொரு துறை தூரத்தின் செலவை எழுதிக்கொள்ளும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவார் இல்லாமற் போவதே பேராபத்து.

கணக்கில் வரும் செலவுகள்

முதலாவது நிலத்தின் மதிப்பு. நகர நடுவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் என்றதும், ‘எத்தனை ஆயிரம் கோடி பெறும்!’ என்று வாய் பிளக்கிறோம். ஆனால் அந்நிலம் பொதுப் பணிக்கென்று நகரத் திட்டத்தில் குறிக்கப்பட்டது. அதை வீடாகவோ கடையாகவோ விற்க வேண்டுமானால், முதலில் நகரத் திட்டத்தைத் திருத்த வேண்டும். பழைய கட்டடங்களை இடிக்க வேண்டும். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் அமைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவு முதலில். வரவு பல ஆண்டு கழித்து. பூங்காவோ மருத்துவமனையோ அமைப்பதானால், பண வரவே இல்லை. மக்களுக்கு நன்மை உண்டு, கஜானாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே ‘பழைய நிலத்தின் விலையிலேயே புதிய சிறை கட்டிவிடலாம்’ என்னும் பேச்சை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும்.

இரண்டாவது கட்டடச் செலவு. சென்னைச் சிறை 1837இல் 16,496 ரூபாயில் கட்டப்பட்டதாம்! அதற்கு மாற்றாகப் புழலில் எழுந்த சிறை, 212 ஏக்கரில் சுமார் 77 கோடி ரூபாயில் 3,000 பேருக்கென்று கட்டப்பட்டு, 2006இல் திறக்கப்பட்டது. மதிலும் அறையும் மட்டுமே சிறை அன்று. மருத்துவமனை வேண்டும்; சமையற்கூடம் வேண்டும்; பெண்களுக்குத் தனிப்பகுதி வேண்டும்; காவலர் குடியிருப்பு வேண்டும். திகாரில் 1961 முதல் தொழிற்கூடம் நடைபெறுகிறது. அதையும் பெயர்க்க வேண்டும்.

மூன்றாவது, இடைக்காலச் செலவு. புதியது கட்டி முடியும்வரை பழையதும் இயங்க வேண்டும். சில காலம் இரண்டு சிறைக்கும் காவல், இரண்டுக்கும் விளக்கு, இரண்டுக்கும் தண்ணீர். இச்செலவை மிச்சப்படுத்த நினைத்தால் என்னாகும் என்பதற்கு வாரங்கல் சான்று. 1886இல் கட்டப்பட்ட அந்தச் சிறை, பெரிய மருத்துவமனை ஒன்றுக்காக 2021இல் இடிக்கப்பட்டது. புதிய சிறை எழுவதற்கு முன்பே பழையது போயிற்று. கைதிகள் ஐதராபாத், கம்மம் போன்ற ஊர்களின் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். கட்டட ஏட்டில் அது சிக்கனம். கைதியைக் காண வாரங்கலிலிருந்து கம்மத்துக்குப் பேருந்து ஏறிய மனைவியின் ஏட்டில் அது என்ன?

கணக்கில் வராத செலவுகள்

இனிதான் கட்டுரையின் உயிர்ப்பகுதிக்கு வருகிறேன்.

சிறையில் இருப்போர் யார்? குற்றம் உறுதியாகித் தண்டனை அனுபவிப்போர் என்றே நாம் நினைக்கிறோம். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர். சட்டத்தின் பார்வையில் இன்னும் குற்றவாளி ஆகாதவர்கள். தில்லியிலோ இந்த விகிதம் இன்னும் அதிகம்.

விசாரணைக் கைதிக்குக் கோர்ட்டின் அருகாமை என்பது காற்றைப் போன்றது. ஒருவரது காவலை ஒரு முறைக்குப் பதினைந்து நாளுக்கு மேல் நீட்டிக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை. தவணைதோறும் அவரை நேரிலோ காணொலி வாயிலாகவோ முன்னிறுத்த வேண்டும். சாட்சி விசாரணை நாட்களில் நேரில் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். தில்லியின் கோர்ட்டுகளோ தீஸ் ஹசாரி, பாட்டியாலா ஹவுஸ், சாகேத், கர்கர்டூமா, ரோகிணி, துவாரகா என்று திசைக்கு ஒன்று. சிறை தள்ளிப் போகப் போக வண்டிக்கு எண்ணெய்ச் செலவு கூடும். காவலர் கூடுதலாக வேண்டும். வண்டி வராத நாளில் வழக்கு ஒத்திப்போகும். வழக்கு ஒத்திப்போனால் கைதி மேலும் சில வாரம் உள்ளே இருப்பார். உள்ளே இருப்போர் தொகை கூடும், நெரிசலும் கூடும். எந்த நெரிசலைக் குறைக்கச் சிறையைப் பெயர்த்தோமோ, அந்த நெரிசலையே தூரம் திரும்ப அழைத்து வருகிறது!

‘காணொலி இருக்கிறதே’ என்பீர்கள். நன்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வரும் ஏழைக் கைதி, அங்கே தன் வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேசுவான். ஓரமாக நிற்கும் மகளின் முகத்தைப் பார்ப்பான். திரையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. இலவசச் சட்ட உதவி வக்கீல் எத்தனை முறை நாற்பது கிலோமீட்டர் கடந்து சிறைக்கு வருவார் என்பதையும் எண்ண வேண்டும்.

அடுத்தது குடும்பத்தின் செலவு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திகாரில் பன்னிரண்டாயிரம் பேர் இருப்பதாகவும், ஒவ்வொருவரையும் காண மாதம் இருமுறை ஒருவர் வருவதாகவும் கொள்வோம். சிறை தொலைவில் போனால் ஒருமுறை வந்து செல்ல ஐம்பது ரூபாய் கூடுதலாகவும், அரைநாள் கூலி முந்நூறு ரூபாய் இழப்பாகவும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர்க்கு ஒருமுறை 350 ரூபாய். பன்னிரண்டாயிரம் பேர்க்கு 42 லட்சம். ஆண்டுக்கு இருபத்துநான்கு முறை என்றால், 10 கோடியே 8 லட்சம்! இது என் ஊகக் கணக்கே. எண்களைக் கூட்டியும் குறைத்தும் நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுக்கென்று அரசு ஒருமுறை ஒதுக்கிய தொகை 10 கோடி. ஏழைக் குடும்பங்கள் யாரும் ஒதுக்காமலே ஆண்டுதோறும் செலுத்தக்கூடிய தொகையும் ஏறத்தாழ அதுவே. இத்தொகை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அச்சேறாது. அரசுக்குச் செலவே இல்லாதது போலத் தோன்றுவதன் மறைபொருள் இதுதான்: செலவு இல்லாமற் போகவில்லை, கேட்பாரற்றவர் தலைக்கு மாறிவிட்டது.

அன்று வாயிலில் தமிழ் கேட்டது. பல ஆண்டுகளாகத் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் திகாரில் காவற்பணி புரிந்து வந்திருக்கின்றனர் என்பது உங்களில் பலர்க்குத் தெரிந்திருக்கும். அவர்களுள் ஒருவர், அம்மையார் சீட்டோடு தடுமாறுவதைக் கண்டு, “அந்த வரிசையில நில்லுங்கம்மா” என்று வழிகாட்டினார். பிறகு என்னிடம், “ஜெயில் தூரம் போனா இவங்களுக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் கஷ்டந்தான், தம்பி. குடும்பத்தோட இருக்கறவங்க பிள்ளைங்க இங்க ஸ்கூல்ல படிக்குதுங்க” என்றார். சிறை என்றால் கைதி மட்டும் அல்லர். காவலரும் அவர் மனைவி மக்களும் சேர்ந்ததே சிறை என்று அப்போது உணர்ந்தேன்.

புதிய சிறையை ஏற்கும் ஊருக்கும் செலவு உண்டு. நகரத்தார் தம் நடுவில் வேண்டாம் என்பதைப் புறநகரத்தார் மட்டும் விரும்பி ஏற்பார்களா? அங்கே ஆடு மாடு மேய்ந்த பொதுநிலம் போகும். நகரத்திற்கோ பூங்கா வரும். ஒருவர் துறந்த சுமையை மற்றொருவர் ஏற்கும்போது, அவர்க்கு ஈடாகப் பள்ளியோ மருத்துவமனையோ பேருந்தோ தருவதுதான் முறை.

நினைவின் விலை

இன்னொரு செலவும் உண்டு. அதை ரூபாயில் அளக்க இயலாது. பழைய தில்லிச் சிறையில், 1912இல் வைசிராய் ஹார்டிஞ்சு மீது குண்டெறிந்த வழக்கில், மாஸ்டர் அமீர் சந்த், அவத் பிகாரி, பால் முகுந்த் ஆகியோர் 1915இல் தூக்கிலிடப்பட்டனர். மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அவர்கட்கு நினைவிடம் இருக்கிறது. அவ்வழியே மருத்துவமனைக்குச் செல்வோரில் எத்தனை பேர் அதை அறிவர்?

பெங்களூர் இதில் நல்ல வழி காட்டியது. நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயி, அத்வானி முதலிய தலைவர்கள் அடைக்கப்பட்டிருந்த பழைய சிறை, 2008இல் ‘சுதந்திரப் பூங்கா’ ஆயிற்று. காவற்கோபுரத்தையும் சில அறைகளையும் இடிக்காமல் விட்டனர். மக்கள் கூடிக் குறை சொல்லும் இடமாகவும் அது விளங்குகிறது. அலிப்பூர்ச் சிறைக் கைதிகள் 2019இல் பாருய்ப்பூருக்கு மாற்றப்பட்டனர். போசும் நேருவும் இருந்த அறைகளோடு அச்சிறை 2022இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலோ, சுபாஷ் சந்திர போசும் அறிஞர் அண்ணாவும் இருந்த சிறையைச் சில நாள் மக்கள் பார்க்கவிட்டு, 2009இல் இடித்தார்கள். கல்லூரி எழுந்தது நன்றே. ஓர் அறையையேனும் விட்டு வைத்திருக்கலாம் என்று உள்ளம் ஏங்குகிறது. வ.உ.சி. செக்கிழுத்த கோவைச் சிறையின் நிலத்திலும் 2025இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அந்தச் சிறையைப் பிளிச்சிக்கு மாற்றுவது என்றும் முடிவாகியிருக்கிறது. சென்னையில் தவறியதைக் கோவையில் தவற விடலாகாது.

அப்படியானால் பெயர்க்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தில், காற்றும் ஒளியும் புகாத அறையில், ஒருவர் இடத்தில் இருவரை அடைப்பதும் கொடுமையே. அகன்ற இடத்தில் நல்ல கழிப்பறையும் மருத்துவமனையும் அமைவது கைதிக்கும் நன்மை. நகர நடுவில் மருத்துவக் கல்லூரி எழுவது ஊருக்கும் நன்மை. மாற்றம் வேண்டாம் என்பதன்று என் வாதம். கணக்கை முழுமையாக எழுதுக என்பதே.

முழுமையான கணக்கு என்றால் என்ன? புதிய சிறை எழுந்து இயங்கும்வரை பழைய சிறையின் ஒரு செங்கல்லையும் தொடலாகாது. பழைய நிலத்தால் வரும் ஆதாயத்தில் ஒரு பங்கை, கைதிகளின் குடும்பத்தார் வந்து செல்லும் பேருந்துக்கும், வாயிலில் அவர்கள் ஒதுங்க ஒரு கூரைக்கும், சட்ட உதவிக்கும் ஒதுக்க வேண்டும். சிறை வளாகத்திற்குள்ளேயே நடுவர் அமர்ந்து விசாரிக்கும் அறை அமைக்க வேண்டும். ஏற்கும் ஊரைக் கலந்து பேச வேண்டும். நினைவுக்குரிய பகுதியைக் காக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தைத் தேடுமுன் ஆளை எண்ண வேண்டும். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதன்முறை வழக்கில் சிக்கியவர், தம் மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய அதிகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விட வழி செய்கிறது. தூக்கோ ஆயுளோ தண்டனையாகக் கூடிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இது பொருந்தாது. தகுதியுள்ள ஒவ்வொருவரையும் கண்டறிந்து இச்சட்டத்தின்படி விடுவித்தால், எத்தனை ஏக்கர் நிலம் தேவைப்படாமலே போகும்! சிறைக்கு நிலம் வாங்குவதைக் காட்டிலும், சிறைக்கு ஆள் அனுப்புவதைக் குறைப்பது மலிவு. மணிமேகலை கேட்ட வரமும் அதற்கு அண்மையானதே. அவள் சிறையை வேறிடத்தில் கட்டச் சொல்லவில்லையே!

நாம் மாணவர்கள், நிலத்தை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் ஒரு படிவத்தை இந்தியில் நிரப்பவும், ஒரு சீட்டைப் படித்துச் சொல்லவும், ஒரு தாயோடு வழித்துணையாகச் செல்லவும் நம்மால் ஆகும். மாதம் ஒரு ஞாயிறு நரேலாவுக்குச் சென்று வர விரும்பும் நண்பர்கள் மன்றத்தில் பெயர் கொடுக்கலாம்.

அன்று அந்த அம்மையார் மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பகல் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்த மகனிடம் அரைமணி நேரம் பேசியிருப்பார். “எளச்சிட்டான், தம்பி. அடுத்த வாரமும் வரியாம்மான்னு கேட்டான். வரேன்னு சொல்லிட்டேன்” என்றார். பிறகு முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எண்ணினார். இருமுறை எண்ணினார். திரும்பவும் முடிந்துகொண்டு, “பாப்போம்” என்றார்.

சிறையின் இடமாற்றத்தை ஆய்வு செய்வோர், அந்த முந்தானை முடிச்சையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.